லா ஷோ-து-ஃபோனில் வாங்கிய பில்ஸ்னர் மால்ட்டைப் பார்லி என்று சொன்ன கதை

2018 ஒக்டோபர் மாதத்து முதற் சனிக்கிழமை, சுவிஸில் சூரிச்சுக்குப் பக்கத்தில் உள்ள அட்லிஸ்வில்லில் இருந்து லா ஷோ-து-ஃபோனுக்கு மால்ட் வாங்கப் போய் வந்தேன். பயணம் முடிந்த மறுநாளே எழுதி முடிப்பது என் வழக்கம். இதை எழுத ஐந்து மாதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத வெட்கமாக இருந்தது.

இந்த வலைப்பூவில் இதுவரை ரயில், மலை, தேவாலயம் என்றே எழுதி வந்திருக்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கீழ்வீட்டு வெரேனாவுடன் சேர்ந்து, எங்கள் கட்டடத்துச் சலவை அறையில் பியர் காய்ச்சுகிறேன் என்பதை எங்கும் எழுதியதில்லை. வெரேனாவும் என்னைப் போலக் கணவரை இழந்தவள். ஒருநாள் என் பெரிய சோற்றுக் கிடாரத்தை இரவல் கேட்டு வந்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று பார்க்கக் கீழே இறங்கினேன். அடுப்பில் பானையை வைத்துவிட்டு, வெப்பமானியைப் பாராமல் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. கரண்டியை வாங்கினேன். அன்றிலிருந்து ஐந்து வருடமாகக் கரண்டி என் கையில்தான் இருக்கிறது.

குடிப்பது ஒரு கிளாஸ். அதுவும் ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு. ஆனாலும் தமிழ்த் திருப்பலியில் வாசகம் வாசிக்கும் பெண், எழுபத்தொரு வயதில், சலவை அறையில் பியர் காய்ச்சுகிறாள் என்று நாலு பேர் கதைப்பதை நான் விரும்பவில்லை. நான் மறைத்ததற்கு அது ஒன்றே காரணம்.

பயணத்துக்கு வருகிறேன். தபாலில் வரும் மால்ட் எப்போது உடைக்கப்பட்டது என்று தெரியாது. லா ஷோ-து-ஃபோனுக்கு வெளியே ஒரு சிறிய மால்ட் ஆலை இருப்பதாகவும், அங்கே தானியத்தைக் கண் முன்னே உடைத்துத் தருவதாகவும் வெரேனா கேள்விப்பட்டிருந்தாள். அவளுக்கு முழங்கால் வலி. ஆகவே நான் சில்லு வைத்த சந்தைப் பையை இழுத்துக்கொண்டு தனியே புறப்பட்டேன்.

அட்லிஸ்வில்லில் எஸ்-4 ரயில் ஏறினால் கால் மணி நேரத்தில் சூரிச் பிரதான நிலையம். அங்கிருந்து பீலுக்கு நேர் ரயில், பீலில் மாறி லா ஷோ-து-ஃபோன். வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. அரைக் கட்டண அட்டையோடு போய்வர அறுபது பிராங்குக்கு உள்ளே முடிந்தது. பீலுக்குப் பிறகு வலப்பக்க யன்னலோரம் இருங்கள். பள்ளத்தாக்குக்கு மேலே முகட்டில் மின்சாரம் எடுக்கும் காற்றாடிகள் தெரியும். லா ஷோ-து-ஃபோன் ஆயிரம் மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சூரிச்சில் வெயிலாயிருந்தாலும் அங்கே கழுத்துத் துணி வேண்டும். தெருக்கள் கணிதக் கொப்பியில் கோடு போட்டது போல நேர் நேராகப் போகும். வழி தவறவே முடியாது. அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது.

ஆலைக்கு நகரப் பேருந்தில் போய், கடைசித் தரிப்பில் இறங்கிப் பத்து நிமிடம் நடக்கவேண்டும். பொறுப்பாக இருந்த பெண்ணுக்கு ஜெர்மன் தெரிந்திருந்தது. எனக்குப் பிரெஞ்சு வராது.

புதிதாகக் காய்ச்ச நினைப்பவர்களுக்கு இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். பார்லியை நனைத்து, முளை வெளிவரும் நேரத்தில் உலர்த்தி எடுப்பதுதான் மால்ட். அதில் அடிப்படை மால்ட் என்பது சோறு போன்றது; நிறத்துக்கும் மணத்துக்கும் சேர்க்கும் கறுத்த மால்ட்டுகள் கறி போன்றவை. கறி எவ்வளவு திறமாயிருந்தாலும் சோறு பிழைத்தால் சாப்பாடு பிழைத்தது. அடிப்படை மால்ட்டை உடைத்து அறுபத்தைந்து பாகைச் சூட்டு நீரில் ஒரு மணி நேரம் வைத்தால், தானியத்தில் உள்ள மாப்பொருள் தானாகவே சீனியாக மாறும். அந்தச் சீனியைத்தான் பிறகு ஈஸ்ட் தின்று பியராக்குகிறது. பில்ஸ்னர் மால்ட் மிக மெல்லிய உலர்த்தலில் வருவதால் மாற்றும் வலு அதில் கூடுதல். மியூனிக் மால்ட் இன்னும் கொஞ்சம் சூடு கண்டது. பாண் மேலோட்டின் மணம் தரும், ஆனால் வலு குறைவு. முழுக்க மியூனிக்கில் காய்ச்சவேண்டுமென்று வெரேனா அடம்பிடிப்பாள். நாலு பங்கு பில்ஸ்னருக்கு ஒரு பங்கு மியூனிக் என்பது என் கணக்கு. இருபது லீற்றருக்கு ஐந்து கிலோ போதும்.

வாங்குமுன் ஒரு மணியைக் கடித்துப் பாருங்கள். பச்சைப் பார்லி கல்லுப் போல இருக்கும். நல்ல மால்ட் மொறுமொறுவென்று உடைந்து, நாக்கில் மெல்ல இனிக்கும். நான் மூன்று மூடையிலும் கடித்துப் பார்த்தேன். அந்தப் பெண் பொறுமையாக நின்றாள். எட்டுக் கிலோ பில்ஸ்னர், இரண்டு கிலோ மியூனிக். எல்லாமாக முப்பத்திரண்டு பிராங்க் எண்பது. உடைப்பதற்குத் தனிக் காசு இல்லை. உமி கிழியாமல், உள்ளே மட்டும் குறுணியாக உடைத்துத் தந்தாள். அதற்கு மேல் நான் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மதியம் பேருந்திலிருந்து இறங்கி நிலையத்தை நோக்கிப் பையை இழுத்துக்கொண்டு நடக்கையில், பின்னால் ஒரு குரல் கேட்டது.

“றெஜினா அக்கா! நீங்களோ?”

திரும்பினேன். கம்பளித் தொப்பியோடு ஒரு பெண். முகம் பிடிபடவில்லை.

“புஷ்பம், அக்கா. கொன்வென்ரில உங்களுக்கு மூண்டு வகுப்புக் கீழ. நீங்கள் மாணவத் தலைவியாய் இருக்கேக்க என்னை முழங்காலில விட்டனீங்கள். அந்த நடையை நான் மறப்பனோ?”

நாற்பது வருடத்துக்கு மேலாகக் காணாத ஒருத்தி. எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. அப்போது அவள் பையைப் பார்த்தாள்.

“இதென்ன அக்கா, இவ்வளவு பாரம்? பிள்ளையளுக்குக் கரைச்சுக் குடுக்கிற மால்ட் மா மாதிரி மணக்குது.”

“பார்லி,” என்றேன். “காலமையில கஞ்சி வைக்கிறனான். சலம் போறதுக்கு நல்லம். சூரிச்சில இந்த விலைக்குக் கிடையாது.”

முளைத்த பார்லியும் பார்லிதானே என்று எனக்குள்ளே ஒரு அப்புக்காத்து உடனே எழும்பி வாதாடினார். அவருடைய வாதத்தை ஏற்றுக்கொண்டேன்.

புஷ்பம் என்னை விடவில்லை. வீடு அடுத்த தெருவில். மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை. பையை அவளே தூக்கிக்கொண்டு ஏறினாள். கணவர் இராசநாயகம் கதவடியில் நின்றார். மெலிந்த, சிரித்த முகமுள்ள மனிதர். மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் கூடு மினுக்கும் வேலை.

எனக்கு இடியப்பமும் சொதியும் மீன் பொரியலும் வந்தன. அவருக்கு முன்னால் ஒரு குரக்கன் ரொட்டியும் வெட்டிய கெக்கரிக்காயும்.

“நாலு மாதமாய் இதுதான் அக்கா,” என்றார். “சீனி வருத்தம். திங்கட்கிழமை டொக்டர், விரலில குத்திச் சீனி அளக்கிற மெஷினிலை உள்ள கணக்கெல்லாம் பாப்பார். குறைஞ்சிருந்தால் குளிசையோட விடுவார். இல்லாட்டி ஊசி.”

“ஊசி எண்டால் இவருக்கு உயிர் போகும்,” என்றாள் புஷ்பம்.

“பகிடி இல்லை, இஞ்சாரும். எங்கட அம்மா ஊசி தொடங்கி இரண்டு வருசத்தில போனவ. ஊசியாலதான் போனவ எண்டு நான் சொல்லேல்லை. ஆனா என்ரை மனசில அப்பிடித்தான் பதிஞ்சு போச்சு.”

அன்று காலை இரத்தத்தில் சீனியை அளந்தபோது ஏழு புள்ளி இரண்டு இருந்ததாம்; பத்தைத் தாண்டக்கூடாதாம். பரீட்சைப் புள்ளி சொல்லும் பிள்ளை போலச் சொன்னார்.

“அக்கான்ரை கையால சாப்பிடக் குடுத்து வைக்கோணும்,” என்று புஷ்பம் அவருக்கு என்னைப் பற்றி அளக்கத் தொடங்கினாள். “எல்லாத்திலையும் அளவு. அவவுக்குப் பொய் மட்டும் சொல்லேலாது. எனக்கு ஒருநாள் வயித்துக்குத்து எண்டு செபத்துக்குப் போகேல்லை. அக்கா மாமரத்துக்குக் கீழ என்னைக் கண்டுபிடிச்சு, ‘குத்து எந்தப் பக்கம்?’ எண்டு கேட்டவ. நான் வலது எண்டன். அஞ்சு நிமிசம் கழிச்சுத் திருப்பிக் கேட்டவ. நான் இடது எண்டன்!”

இராசநாயகம் புரையேறும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன்.

“அக்கா, அந்தப் பார்லி இவருக்கு நல்லமோ?”

“நல்லம் எண்டுதான் சொல்லுறவை.”

“அப்ப ஒரு சுண்டு தாங்கோவன். திங்கள்மட்டும் இரண்டு நேரமும் அதையே குடுக்கிறன்.”

மறுத்திருக்கலாம். ஒரு சுண்டுக்கு, ஒரு கோப்பைத் தானியத்துக்கு, கணக்குப் பார்க்கிறாளே என்று நினைப்பாளே என்று பயந்தேன். பில்ஸ்னர் பையை அவிழ்த்து, இரண்டு சுண்டாகவே அள்ளிக் கொடுத்தேன். தாராளமாகத் தெரியவேண்டுமே!

பிறகு அவள் சொன்னாள்: “நான் அடுப்பில வைச்சுக் காய்ச்சிறதில்லை அக்கா. சுடுதண்ணிப் போத்திலுக்குள்ள போட்டு, கொதிச்ச தண்ணியைக் கொஞ்சம் ஆறவிட்டு ஊத்தி, ஒரு மணித்தியாலம் மூடி வைப்பன். நல்லாய் அவிஞ்சிடும். கறண்டும் மிச்சம்.”

மால்ட் வேலை தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சூடு தணியாத போத்தல், சற்றே ஆறிய நீர், ஒரு மணி நேரம், மூன்று மூடையிலும் வலு கூடிய மால்ட். சலவை அறையில் நானும் வெரேனாவும் வெப்பமானியோடு போராடிச் செய்வதை அவள் தன் குசினியில் கச்சிதமாகச் செய்யப் போகிறாள். வருவது கஞ்சியல்ல, பாகு போன்ற சீனிப் பாணி. மருந்து என்று நம்பி, நாளுக்கு இரண்டு தரம், அந்த மனிதருக்கு.

எனக்கு அது அந்தக் கணமே விளங்கியது. பிறகு யோசித்துத்தான் தெரிந்தது என்று எழுதினால் அது இன்னொரு பொய். விளங்கியபடியே தேநீரைக் குடித்து முடித்தேன். தொலைபேசி இலக்கம் கேட்டபோது, கைத்தொலைபேசி உயிரற்றுக் கிடக்கிறது, இலக்கமும் பாடமில்லை என்றேன். கொடுத்தால் ஒருநாள் அட்லிஸ்வில்லுக்கு வருவார்கள். வந்தால் சலவை அறையைக் காண்பார்கள்.

மூன்று மணி ரயிலில் ஏறினேன். காற்றாடிகள் இப்போது இடப்பக்கம். கொஞ்சம்தானே கொடுத்தேன், உப்புப் போட்டுக் குடிப்பார்கள், இனித்தால் அவர்களே நிறுத்திவிடுவார்கள் என்று ஒவ்வொரு தரிப்பிலும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். இனித்தால் நிறுத்துவாரா? நாலு மாதம் இனிப்பே காணாத மனிதர்.

பீலில் சூரிச் ரயிலுக்கு எட்டு நிமிடம் இருந்தது. அவர்களின் இலக்கம் என்னிடம் இல்லை; கேட்டு வாங்காமல் வந்தவள் நான். தெருவும் படியும் மட்டும் தெரியும். சூரிச் ரயில் வந்தது, கதவு திறந்தது, ஒருவர் என் பையைத் தூக்கி உதவக் கை நீட்டினார். வேண்டாமென்று தலையாட்டினேன். அது போய்விட்டது. மறு மேடைக்குப் போய் லா ஷோ-து-ஃபோன் ரயிலுக்கு நின்றேன். பயணச்சீட்டைத் திரும்ப எடுக்கவேண்டியிருந்தது.

மூன்று மாடியையும் இந்த முறை நானே பையோடு ஏறினேன். ஐந்து மணி கழிந்திருந்தது.

“என்ன அக்கா, ரயிலை விட்டிட்டீங்களோ? வாங்கோ, வாங்கோ. இரவுக்கு இஞ்சையே நில்லுங்கோ.”

இராசநாயகம் மேசையில் இருந்தார். கையில் பெரிய குவளை.

“அக்கா, இது கஞ்சி இல்லை, அமிர்தம்! ஒரு கரண்டி சீனி போடேல்லை, தேன் மாதிரி இருக்குது. இது இரண்டாம் குவளை. நாலு மாதத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் நாக்குக்கு நல்ல நாள்.”

“அதை வையுங்கோ,” என்றேன். குரல் மாணவத் தலைவியின் குரலாகவே வந்தது. அவர் உடனே வைத்துவிட்டார்.

நின்றபடியே சொன்னேன். அது மால்ட் என்று. பியர் காய்ச்ச வாங்கியது என்று. போத்தலுக்குள் அது சீனியாகிவிட்டது என்று. கொடுக்கும்போதே எனக்குத் தெரியும் என்று. கடைசி வசனத்தை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், அதையும் சொன்னேன்.

புஷ்பம் மெஷினை எடுத்து வந்து அவர் விரலில் குத்தினாள். பதினைந்து புள்ளி எட்டு.

இராசநாயகம் அந்த இலக்கத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “அப்ப அக்கா, இதைப் பியராக்கிக் குடிச்சிருந்தால் எனக்குச் சீனி குறைவாய் ஏறியிருக்குமோ?”

“இவ்வளவு ஏறியிருக்காது,” என்றேன். “பெரும்பங்கை ஈஸ்ட் திண்டிருக்கும்.”

“பாத்தீரோ புஷ்பம், நீர்தான் பியரை நிப்பாட்டினனீர்!”

என்னைக் காப்பாற்றத்தான் அந்தப் பகிடி என்று எனக்கு விளங்கியது. புஷ்பம் சிரிக்கவில்லை. போத்தலைக் கழுவி, மீதி மால்ட்டைக் கட்டி என் பைக்குள் வைத்தாள்.

“திங்கட்கிழமை நானும் வாறன்,” என்றேன். “டொக்டருக்கு நானே சொல்லுறன், இது என்னால வந்தது எண்டு.”

“வேண்டாம் அக்கா.” அவள் குரல் உயரவே இல்லை. “நீங்கள் பியர் காய்ச்சினால் எனக்கென்ன? காய்ச்சுங்கோ. இவர் குடிக்கப் போறார் எண்டு தெரிஞ்சும் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தீங்களே. நானே சொல்லுவன். நீங்கள் வந்து சொன்னால், எது உண்மை எண்டு நான் எப்பிடி அறியிறது?”

என் தொலைபேசி இலக்கத்தை எழுதி மேசையில் வைத்தேன். வீடு வந்து சேரப் பத்து மணி. வெரேனா படியில் காத்திருந்தாள். மால்ட் எப்படி என்று கேட்டாள். நல்ல மால்ட் என்றேன். அது உண்மைதான்.

செவ்வாய்க்கிழமை ஒரு குறுஞ்செய்தி வந்தது. “ஊசி இல்லை. மூண்டு மாதம் தவணை தந்திருக்கிறார்.” என் பெயரும் இல்லை, அவள் பெயரும் இல்லை. “தேவனுக்கு நன்றி” என்று எழுதினேன். பதில் இல்லை.

அடுத்த ஞாயிறு, திருப்பலி முடிந்து தேநீர் நேரத்தில், சலவை அறை விஷயத்தைப் பெண்களிடம் நானே சொன்னேன். ஒருத்தி, “எங்கட மனுசனுக்கும் ஒரு போத்தில் தாங்கோவன்,” என்றாள். இன்னொருத்தி தோசைக்குப் புளிப்பு எடுக்க அந்த ஈஸ்ட் உதவுமோ என்று கேட்டாள். அவ்வளவுதான். ஐந்து வருடம் மறைத்ததும், அதற்காக ஒரு மனிதருக்குச் சீனிப் பாணி பருக்கியதும், இந்த அரை நிமிடத்துக்குப் பயந்து.

போக விரும்புபவர்களுக்கு: ஆலை சனி மதியத்தோடு மூடும், முதல் நாள் அழைத்துச் சொல்லிவிட்டுப் போங்கள். பத்துக் கிலோவுக்கு மேல் சில்லுப் பை தாங்காது. உடைத்த மால்ட்டை ஒரு மாதத்துக்குள் காய்ச்சிவிடுங்கள். ஈரம் பட்டால் மொறுமொறுப்புப் போய்விடும். முதல் தரம் காய்ச்சுபவர்கள் பில்ஸ்னரிலேயே தொடங்குங்கள். சூட்டில் சிறு பிழை விட்டாலும் அது மன்னிக்கும். பையின் வெளியே பெரிய எழுத்தில் ‘மால்ட்’ என்று எழுதுங்கள். சீனி வருத்தக்காரர் கஞ்சிக்குக் கேட்டால், ஒரு பிடியும் கொடுக்காதீர்கள். ஏன் என்று சொல்லிவிட்டுக் கொடுக்காமல் விடுங்கள்.

டொக்டர் தந்த மூன்று மாதத் தவணை தை மாதத்தோடு முடிந்துவிட்டது. இப்போது பங்குனி. இராசநாயகத்துக்கு என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. குறுஞ்செய்தியில் கேட்க மூன்று தரம் எழுதி அழித்தேன். அந்தக் கேள்வியைத் தொலைபேசியில் கேட்பது சரியில்லை என்று முடிவுசெய்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை போகிறேன், இந்த முறை பை இல்லாமல். மூன்று மாடி ஏறி மணியை அடிப்பேன். கதவு திறந்தால், வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டு இறங்கிவிடுவேன். புஷ்பம் உள்ளே வரச் சொல்லுவாள் என்று எதிர்பார்க்கவில்லை.